மரவெட்டுத் தொழில்

காட்டிலோ தோப்பிலோ நிற்கும் மரத்தைச் சாய்த்து, கிளை கழித்து, அளவுக்குத் துண்டித்து, வண்டியில் ஏற்றும் இடம்வரை கொண்டுசேர்க்கும் கூட்டுத் தொழில் மரவெட்டு எனப்படும். தமிழ்நாட்டில் இது ஆனைமலை போன்ற உயர்ந்த மலைக்காடுகளில் பெருந்தொழிலாக விரிந்து, பின்னர் காஞ்சிபுரம், உத்திரமேரூர் முதலிய ஏரிப்பாசனப் பிரதேசங்களின் சவுக்குத் தோப்புகளுக்கு இறங்கிவந்தது. இடமும் மரமும் கருவியும் காலந்தோறும் மாறியிருப்பினும், வேலைக்கு முன்பே கையில் கொடுக்கப்படும் முன்பணமும், அதனால் தொழிலாளிக்கு நேரும் கட்டுப்பாடும் இத்தொழிலை எளிதில் விட்டு நீங்கவில்லை.

நீரையும் தோட்டத்தையும் பேணும் ஏற்பாடு இந்த ஏரிப்பாசனப் பகுதிக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட சாசனங்கள், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரிவாகக் கூறுகின்றன. நீரையும் தோட்டத்தையும் பேணுவது ஊர்ச்சபையின் கடமை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வகுத்த அவ்வேற்பாடு போற்றத்தக்கதே. எனினும், கால்வேலி நிலமும் சொந்த மனையும் உடையவரையே பெரும்பாலும் தகுதியுடையோராகக் கொண்ட அச்சபையில், கோடரியன்றி வேறு உடைமை இல்லாதவனுக்கு இடம் இருந்திருக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மலைக்காடுகளில் மரவெட்டு பெருந்தொழிலாக விரிந்ததற்குக் கப்பல் கட்டுதல் ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்க் கப்பல் தளத்தில் தேக்கினால் கட்டப்பட்ட போர்க்கப்பல்கள் நெடுங்காலம் உழைத்துப் பெயர்பெற்றன; 1817ல் அங்கே நீரில் இறக்கப்பட்ட ‘டிரிங்கோமலி’ இன்றும் இங்கிலாந்தில் மிதந்துகொண்டிருக்கிறது. மலையாளக் கரையை ஒட்டிய காடுகளில் எளிதில் எட்டக்கூடிய தேக்கு குறைந்துவரவே, சர்க்காரின் கண் ஆனைமலையின்மீது விழுந்தது. 1848ல் லெப்டினன்ட் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி அக்காட்டின் பொறுப்பை ஏற்று, பம்பாய்க்கு மரம் அனுப்பும் ஏற்பாடுகளை நடத்தினார். 1853ல் பம்பாயிலும், 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியபின், தண்டவாளத்துக்கு அடியில் இடும் கட்டைகளுக்காக எழுந்த தேவை காடுகளை மேலும் வேகமாக அழித்தது. அதே 1856ல் டாக்டர் கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டதும், 1882ல் சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டதும் காட்டின்மீது கொண்ட கருணையால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. வரும் ஆண்டுகளிலும் வெட்டுவதற்கு மரம் இருக்க வேண்டுமே என்ற கவலையும் அவற்றுக்குக் காரணமாயிற்று.

வெட்டுக்கென ஒதுக்கப்படும் காட்டுப்பகுதியைத் தொழிலாளர் ‘கூப்பு’ என்பர். வெட்டத்தக்க மரங்களை வனத்துறையினர் தேர்ந்து, முத்திரைச் சுத்தியலால் அடித்து அடையாளம் இடுவர். அந்த முத்திரை இல்லாத மரத்தின்மேல் கோடரி பட்டால் அது குற்றமாகும். அனுபவம் முதிர்ந்த வெட்டாள் முதலில் மரத்தைச் சுற்றிவந்து, அதன் சாய்வையும், எந்தப் பக்கம் கிளைப்பாரம் மிகுந்திருக்கிறது என்பதையும், காற்று வீசும் திசையையும் பார்த்து, மரம் சரியும்போது தான் விலகி ஓடுவதற்குரிய வழியைப் புதர் நீக்கிச் செம்மைப்படுத்திக்கொண்ட பிறகே கருவியை எடுப்பான். மரம் விழவேண்டிய பக்கத்தில், அடியில் ஆப்பு வடிவமாக ஒரு வாய் திறப்பான். பிறகு எதிர்ப்பக்கத்தில் அதற்குச் சற்று உயரத்தில் இருவர் நின்று ஈர்வாளால் அறுத்து வருவர். நடுவில் இரண்டு மூன்று விரற்கடை கனத்துக்கு அறுபடாத மரத்தை விட்டுவைப்பதில்தான் இத்தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த மெல்லிய பகுதியே கதவின் கீல் போல நின்று, மரத்தை நினைத்த திசையில் தாழ்த்துகிறது. அதை அறுத்துவிட்டாலோ மரம் தன் விருப்பப்படி புரளும். மலைச்சரிவில் மரத்தைப் பள்ளத்தை நோக்கி வீழ்த்தினால் விழும் வேகத்தில் அது பிளந்து வீணாகுமாதலால், மேட்டை நோக்கியோ சரிவுக்குக் குறுக்காகவோ சாய்ப்பது வழக்கம்.

சாய்ந்த மரத்தைப் பாதைக்கு இழுப்பது யானையின் வேலை. கட்டையின் நுனியில் துளையிட்டுச் சங்கிலி கோத்து, அதனோடு பிணைத்த வடத்தை யானை பல்லால் கவ்விக்கொண்டு இழுக்கும். உச்சிச் சரிவிலிருந்து கட்டைகளைக் கீழே சறுக்கிவிட்ட இடமே இன்று சுற்றுலா செல்வோர் அறிந்த டாப்ஸ்லிப். அக்காட்டின் யானைகளைப் பழக்கியவர்களுள் மலசர் என்னும் பழங்குடியினர் முதன்மையானவர்கள். கோழிகமுத்தி யானை முகாமில் இன்றும் அவர்களே பாகர்களாக இருக்கின்றனர். காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி ஆட்கள் தங்கத் தயங்கிய பருவங்களிலும் மலைவாழ் மக்களின் உழைப்பும் அறிவுமே காரியத்தை நடத்தின. ஆனைமலையில் தேக்கை மீண்டும் தழைக்கச் செய்த வனத்துறை அதிகாரி ஹ்யூகோ வுட் 1933ல் மறைந்தபின், அவர் விருப்பப்படி அவருடைய சமாதி அந்தக் காட்டிலேயே அமைந்தது. அந்த மரியாதைக்கு அவர் முற்றிலும் உரியவர். ஆனால் அவர் காலத்திலும் அவருக்கு முன்னும் மரம் சாய்க்கும்போது நசுங்கி மாண்ட கூலியாட்களின் பெயர்களைத் தாங்கிய கல் ஒன்றேனும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று கருதாமல் இருக்க முடியவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் மலைக்காட்டு வெட்டு படிப்படியாகச் சுருங்கியது. 1955ல் மலைப்பிரதேச மரப் பாதுகாப்புச் சட்டமும், 1980ல் மத்திய வனப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. கூடலூர்க் காடுகளைப் பற்றிக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அங்கீகரிக்கப்பட்ட வேலைத்திட்டம் இன்றிக் காட்டுமரம் வெட்டுவதை நாடெங்கும் நிறுத்தியது. ஆனைமலை 2007ல் புலிகள் காப்பகமாயிற்று.

சமவெளியின் கதை வேறு. சென்னை மாகாண ரயில் எஞ்சின்கள் பெரிதும் விறகை எரித்து ஓடிய 1860களில், ஆஸ்திரேலியாவிலும் தென்கிழக்காசியக் கரைகளிலும் இயற்கையாக வளரும் சவுக்கு, சென்னையைச் சூழ்ந்த மணற்பாங்கான நிலங்களில் எரிபொருளுக்காகப் பயிரிடப்பட்டது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரின் உதவியால் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்வதால் இளைத்த மண்ணிலும் அது வளரும். நிலக்கரி வந்தபின் ரயிலுக்கு அதன் பிரயோஜனம் அற்றாலும், சாரம், பந்தற்கால், அடுப்பு விறகு, பிற்காலத்தில் காகிதக் கூழ் என்று தேவை பெருகிக்கொண்டே வந்தது. நட்ட நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் சவுக்கைத் தரையோடு ஒட்ட வெட்டி, மிளாறு கழித்து, கனத்துக்கு ஏற்பக் கழியென்றும் விறகென்றும் பிரித்து, கடைசியில் வேர்க்கட்டையையும் தோண்டி எடுத்து நிலத்தை ஒப்படைப்பர். கூலி பெரும்பாலும் எடைக்கணக்கில், டன்னுக்கு இவ்வளவு என்று பேசப்படும். ஏரிகளிலும் புறம்போக்குகளிலும் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவதும் இவ்வாட்களின் வேலையே.

இவ்வேலையில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரங்களில் மிகுதியாக ஈடுபடுவோர் இருளர் பழங்குடியினர். திருமணம், மருத்துவம், ஈமக்கடன் போன்ற அவசரங்களுக்காக வாங்கும் சில ஆயிரம் ரூபாய் முன்பணத்தைக் கழிக்கக் குடும்பம் முழுவதும் வெட்டுக்களத்திலேயே தங்கிவிடுகிறது. கணக்கோ முதலாளியின் கையில், குழந்தைகளுக்குப் பள்ளியில்லை, வெளியூர்ச் சாவுக்குப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரவெட்டுக் களங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேரை அதிகாரிகள் மீட்டனர். மலைக்கு ஆள் சேர்ப்பதிலும் இதே வறுமையே தரகர்களுக்கு உதவுகிறது: செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று கூறப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களிற் பலர் ஜவ்வாது மலையையும் அதைச் சார்ந்த பகுதிகளையும் சேர்ந்தவர்கள்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டப்படி, இத்தகைய முன்பணக் கடன் எதுவும் செல்லாது. அதைத் திருப்பிப் பெறுவதே குற்றம். மீட்கப்பட்டவருக்கு வருவாய்த்துறை அதிகாரி விடுவிப்புச் சான்றிதழ் வழங்குவார். அரசின் நிவாரணமும் மறுவாழ்வு உதவியும் பெற அதுவே ஆதாரம். இதற்கிடையே கருவியும் மாறிவிட்டது: எஞ்சின் பொருத்திய கை ரம்பம் வந்தபின் பத்துப்பேர் செய்த வெட்டை இரண்டு மூன்று பேரே முடித்துவிடுகின்றனர். கிளை கழிப்பது, சுமப்பது, லாரியில் அடுக்குவது, வேர் தோண்டுவது ஆகியவை மட்டும் இன்னும் ஆண், பெண் இருபாலரின் கைகளாலேயே நடைபெறுகின்றன.