பன்னார்கட்டா யானை வழித்தடங்கள்

பெங்களூருவின் தெற்கு விளிம்பில் தொடங்கும் பன்னார்கட்டா தேசியப் பூங்காவைக் கர்நாடக, தமிழகக் காவிரிக் காடுகளுடன் இணைக்கும் குறுகிய காட்டுப் பாதைகள் இவை. 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, பின்னர் சுமார் 260 ச.கி.மீ. அளவுக்கு விரிவாக்கப்பட்டது. பரப்பை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தோன்றும். ஆனால் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் இதன் பழைய பகுதி, சில இடங்களில் அரை கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதது. யானைக்கு இது தங்கும் இடம் என்பதைவிடக் கடந்து போகும் இடம் என்பதே பொருத்தம்.

கரடிக்கல்–மாதேஸ்வரா வழித்தடம் பூங்காவுக்குள்ளேயே இரு காடுகளை இணைக்கிறது. தளி–பிலிக்கல், பிலிக்கல்–ஜவளகிரி வழித்தடங்கள் மாநில எல்லையைத் தாண்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் இறங்குகின்றன. ராகிக் கதிர் முற்றும் காலத்தில் கூட்டங்கள் இந்த வழியாக ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வருவது ஆண்டுதோறும் நடப்பது. ஓசூர்–தருமபுரிக் காடுகளிலிருந்து 1980-களில் வெளியேறிய சில கூட்டங்கள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் வரை சென்று தங்கிவிட்டன. நெடுங்காலமாக யானையே இல்லாதிருந்த அந்தப் பகுதியில் 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது அதனால்தான்.

பாதை சுருங்குவதன் விளைவை வேறோர் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கனடாவின் ஆர்க்டிக் தீவுகளில் பியரி கரிபு மான்கள் உறைந்த கடல்மேல் நடந்துதான் தீவு விட்டுத் தீவு போகின்றன. கடற்பனி சுருங்கினால் ஒரு தீவின் மந்தை மற்றதோடு கலக்க வழியில்லை. பன்னார்கட்டாவில் சுருங்குவது காட்டின் கழுத்து. மனைப்பிரிவு, கல் குவாரி, சாலை, வேலி எல்லாம் சேர்ந்து அதை நெரிக்கின்றன. பூங்காவைச் சுற்றி 268.96 ச.கி.மீ. என முன்மொழியப்பட்டிருந்த சூழல் உணர்திறன் மண்டலம், 2020-இன் இறுதி அறிவிக்கையில் 168.84 ச.கி.மீ. ஆகக் குறைந்தது.

பயிரைக் காக்க வனத்துறை அகழி வெட்டுகிறது. சூரிய மின்வேலியும், பழைய தண்டவாளங்களால் ஆன தடுப்பும் அமைக்கிறது. அகழியின் கரையைக் காலால் இடித்துச் சரித்து, அந்த மண்மேலேயே யானை ஏறிவிடும். மின்வேலியில் காய்ந்த மரத்தைத் தள்ளிச் சாய்த்துவிட்டுக் கடக்கும். தண்டவாளத் தடுப்பு உறுதியானது. ஆனால் வழித்தடத்தின் குறுக்கே நின்றுவிட்டால் அது பயிரோடு சேர்த்துப் பாதையையும் பூட்டிவிடுகிறது. கூட்டம் திரும்பிப் போகாமல் அடுத்த ஊர் வழியாகச் சுற்றிவருகிறது.

தமிழகப் பக்கத்தில் 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. இவற்றால் தெற்கே காடு ஓரளவு தொடர்ச்சி பெற்றுள்ளது. நகரம் நெருங்கும் வட முனைக்கு இப்படி ஒரு சேர்க்கை இல்லை. அங்கே சேர்ப்பதற்குக் காடும் மீதமில்லை.