துரை சுட்டால் வேட்டை

நீலகிரியில் வேட்டைக்கு லைசென்சு வந்த கதையைப் படிக்கும்போது எனக்கு ஒரே கேள்விதான். லைசென்சு யாருக்கு? துப்பாக்கி பிடித்தவனுக்கா, தடம் பார்த்தவனுக்கா?

1877இல் வெள்ளைக்காரர்கள் நீலகிரி வேட்டைச் சங்கம் ஆரம்பித்தார்கள். வரையாடும் கடமானும் சுட்டுச் சுட்டுக் குறைந்த பிறகு வந்த அக்கறை இது. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கும் தென்கிழக்கு வயநாட்டுக்கும் தனிச் சட்டமே போட்டது. இன்ன மாதத்தில் சுடக்கூடாது என்றார்கள். பிறகு அதன்கீழ் விதிகள், கட்டணம், லைசென்சு. முந்தின வருஷம்தான் ஆயுதச் சட்டம் வந்திருந்தது. அதன்படி நாட்டு ஆள் துப்பாக்கி வைக்க லைசென்சு வாங்கணும், துரைக்கு விலக்கு. இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

துரையைக் காட்டுக்குள் கூட்டிப்போனது குறும்பரும் இருளரும். குளம்புத் தடம் நேற்றையதா இன்றையதா, சாணி ஆறிவிட்டதா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எல்லாம் அவர்கள் அறிவு. கூலி வாங்கி அதைக் கொடுத்தார்கள். துரைமார் எழுதின வேட்டைப் புத்தகங்களில் சுட்டவர் பேரும் கொம்பின் அங்குலமும் தவறாமல் இருக்கும். வழிகாட்டினவர் பெரும்பாலும் வெறும் 'என் சிகாரி'.

அதே ஆள் சாயங்காலம் தன் பிள்ளைகுட்டிக்காகக் கண்ணி வைத்தால்? அது திருட்டாம். பசிக்குப் பிடிப்பது ஈனம், பொழுதுபோக்குக்குச் சுடுவது கனவான் குணம். இந்தப் புத்தி கப்பலில் மட்டும் வந்ததா என்ன? தின்கிற கறியை வைத்து ஆளை எடைபோடுகிற ஊர் நமக்குத் தெரியாததா?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் பெரிய வேட்டை, சிறு வேட்டை என்று லைசென்சு இருந்தது. 1991 திருத்தம்தான் அதை மூடியது. 2006 வன உரிமைச் சட்டம் பல வழக்க உரிமைகளை ஒத்துக்கொண்டது, வேட்டையையும் கண்ணியையும் பேர் சொல்லி விலக்கியது. மிருகம் அழியக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அழித்தவன் வாரிசுக்கு மலையில் பங்களா, தடம் பார்த்தவன் பேரனுக்கு வனத்துறை வழக்கு. இதைத்தான் கேட்கிறேன்.

பிடிக்கிறவன் பேரிலேயே அனுமதி கிடைத்த இடம் ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் சமவெளி இருளர்கள் 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். விஷமுறிவு மருந்துக்கு அவர்கள் எடுக்கும் விஷம் போகிறது. அங்கிருந்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே மலைப்பாம்பு தேட அழைத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. ஊர் திரும்பினால், எந்தப் பாம்பு, எத்தனை என்று வனத்துறை தாளில் எழுதித் தந்தால்தான் வளையில் கை வைக்கலாம்.