முதியோர் பேச்சுத்துணை (திருவண்ணாமலை)

முதியோர் பேச்சுத்துணை என்பது, இல்லங்களிலோ மருத்துவமனையிலோ உறவினர் வீட்டிலோ பிறர் பராமரிப்பில் இருக்கும் வயதானவர்களைத் தவறாமல் சென்று பார்த்து, உடன் உட்கார்ந்து, பேசியும் கேட்டும் பொழுதைப் பகிர்ந்துகொள்ளும் பணி. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, படுக்கை மாற்றுவது போன்ற பணிவிடைகளில் இது சேராது. அவற்றுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கலாம். "ராத்திரி முழுக்கத் தூக்கமே வரல" என்று ஒரு பாட்டி சொன்னால், ஏன் என்று கேட்டு, அவர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் ஆள்தான் கிடைப்பதில்லை. இருபது பேரைக் கவனிக்கும் பணிப்பெண்ணுக்கு மனம் இருந்தாலும் நேரம் இருக்காது.

திருவண்ணாமலையில் இதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,45,278 பேர் வாழ்ந்த நகரம் இது. பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். நினைத்தாலே முக்தி தரும் தலம் என்ற நம்பிக்கையால், கடைசிக் காலத்தை அண்ணாமலையார் காலடியில் கழிக்க விரும்பி வருவோர் நெடுங்காலமாக உண்டு. குடும்பத்தைத் துறந்த சாதுக்கள் இங்கேயே முதுமையடைகிறார்கள். ரமண நகர்ப் பக்கம் பல ஆண்டுகளாகத் தங்கிவிட்ட வெளிநாட்டினரிலும் நரைத்த தலைகள் கூடிவருகின்றன. இவர்களோடு, போக வேறு இடம் இல்லாமல் வந்து சேர்ந்தவர்களும், அழைத்து வந்து விடப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

இந்த ஊரில் சோற்றுக்கு வழி உண்டு. கோயிலில் அன்னதானம் நடக்கிறது. ரமணாசிரமத்தில் நாள்தோறும் ஏழைகளுக்கும் சாதுக்களுக்கும் உணவு வழங்கப்படுகிறது. பௌர்ணமியன்று வழிநெடுகப் பொட்டலம் கிடைக்கும். இலை போடும் கைகள் பல. இலை எடுத்த பிறகும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மிகச் சிலர்.

முன்னோடிகள்

நகரின் அண்மை வரலாற்றில் உடனிருத்தலுக்கு நாம் அறிந்த தெளிவான சான்று ரமண மகரிஷியின் வாழ்க்கையில் கிடைக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் வீட்டைத் துறந்து இங்கு வந்தவர் அவர். 1914இல் அவரைப் பார்க்க வந்த தாய் அழகம்மாள் கடும் காய்ச்சலில் படுத்தபோது, மகனே உடனிருந்து கவனித்தார். 1916இல் அழகம்மாள் நிரந்தரமாக மலைக்கே வந்துவிட்டார். முதலில் விரூபாட்ச குகையிலும் பிறகு ஸ்கந்தாசிரமத்திலும் தாயும் மகனும் வாழ்ந்தனர். 1922 மே 19 அன்று, தாயின் கடைசி நாளில், காலை முதல் இரவு எட்டு மணி வரை ரமணர் அருகிலேயே அமர்ந்திருந்தார். ஒரு கை தாயின் நெஞ்சில், மறு கை தலையில். பன்னிரண்டு மணி நேரம் அப்படியே. மலையடிவாரத்தில் அழகம்மாளை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

இந்நிகழ்வுக்குச் சமயப் பொருள் கூறுவோர் பலர். அதற்குள் போகாமலே ஒன்றைக் காணலாம்: இறக்கும் மனிதருக்குப் பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது பெரும்பாலும் அவ்வளவே, கையைத் தொட்டுக்கொண்டு எழுந்து போகாமல் இருப்பது. இன்றும் இல்லங்களில் மிகவும் தட்டுப்பாடாக இருப்பது அந்தக் கைதான்.

மற்றொரு சான்று எச்சம்மாள். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த மண்டகொளத்தூர்க்காரரான இவரது இயற்பெயர் லட்சுமி அம்மாள். கணவர், மகன், மகள் மூவரையும் அடுத்தடுத்து இழந்து, துக்கம் தாங்காமல் 1906இல் இங்கு வந்தார். ஊருக்குள் வீடு எடுத்து, தினமும் சமைத்து, சுமந்துகொண்டு மலையேறி ரமணருக்கும் உடனிருந்தவர்களுக்கும் பரிமாறினார். 1945இல் இறக்கும்வரை அந்த வழக்கத்தை விடவில்லை. முதலியார் பாட்டி என்று அழைக்கப்பட்ட மூதாட்டியும் இவ்வாறே பல்லாண்டு உணவு கொண்டுவந்தார். பார்வை போன பிறகும் அவர் வருவது நிற்கவில்லை என்று ஆசிரம வட்டாரத்தில் சொல்வார்கள்.

இவர்களை ரமணருக்குத் தொண்டு செய்தவர்கள் என்று மட்டும் எழுதுவது வழக்கம். பேச்சுத்துணையின் பார்வையில் அது பாதிச் செய்தி. ஆசிரமத்தில் பெரிய சமையற்கூடம் வந்துவிட்ட பிறகும் அந்தப் பாட்டிகளின் ஒரு கவளத்தை வாங்கி உண்டவர் அவர்களுக்குச் செய்ததும் தொண்டே. எல்லாம் இழந்தவளுக்கு, தான் சமைத்ததை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிறார் என்பது மறுநாள் விடிவதற்கான காரணமாக இருந்தது. துணைக்குப் போகிறவர் கொடுக்கத் தெரிந்தவராக மட்டும் இருந்தால் போதாது, வாங்கிக்கொள்ளவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். இக்கட்டுரையில் பின்வரும் நடைமுறைகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

தனிமையின் இயல்பு

கூட்டத்தில் இருப்பதும் துணையோடு இருப்பதும் ஒன்றல்ல. முப்பது கட்டில் உள்ள கூடத்திலும் ஒருவர் தனியாக இருக்க முடியும். பலருக்கு இதன் தொடக்கம் காதில் இருக்கிறது: சரியாகக் கேட்காததால் பேச்சில் கலந்துகொள்ள முடிவதில்லை, இரண்டு முறை திருப்பிக் கேட்டால் எதிரே இருப்பவர் சலித்துக்கொள்கிறார், மூன்றாம் முறை கேட்பதே நின்றுவிடுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மூத்தோருக்குக் காது கேட்கும் கருவி, கண்ணாடி, பல்செட் முதலியவற்றை இலவசமாக வழங்கும் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. பேச வருபவர் முதலில் இதற்கு விண்ணப்பிக்க உதவினால், பிறகு பேசுவதற்கே பொருள் இருக்கும்.

தனிமை உடலையும் பாதிக்கிறது. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 148 ஆய்வுகளில் இடம்பெற்ற மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து, உறுதியான உறவுகள் உள்ளவர்கள் உயிர்வாழும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் துன்புறுவதாகக் கூறுகிறது.

நடைமுறை

வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரே ஆளிடம் போவது சிறந்தது. பிறந்தநாளன்று கேக்கும் பிரியாணியுமாக ஒரு கூட்டம் வந்து, முதியோரை வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுத்துவிட்டுப் போவது தமிழகம் எங்கும் வழக்கமாகிவிட்டது. வருவோரின் நல்ல மனத்தைக் குறை சொல்ல முடியாது, சாப்பாடும் பயன்படுகிறது. ஆனால் அன்று பேர் கேட்கப்பட்டவர்கள் யாரையும் அவர்கள் மறுமுறை பார்ப்பதில்லை. முதியோருக்கு அதில் மிஞ்சுவது, கைகூப்பி நன்றி சொன்ன அலுப்பு. படம் எடுப்பதை அடியோடு விட்டுவிடுவதே மரியாதை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கி எழுந்து, மாலைக் காபி வரும்வரை உள்ள மூன்று முதல் ஐந்து மணி பொழுதுதான் நகர மறுக்கும். அந்த நேரத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. போகிறவர் நின்றுகொண்டு பேசக் கூடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணுக்கு நேர் கண் வரும்படி, நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் உட்கார வேண்டும். எப்படி அழைப்பது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. முப்பது வருடம் தலைமை ஆசிரியராக இருந்தவரை, உறவே இல்லாத ஒருவர் வந்து "தாத்தா" என்றால் முகம் சுருங்கும். "சார்" என்றால் முதுகு நிமிரும். பாட்டி என்றதும் மலரும் முகங்களும் உண்டு, அம்மா என்றால் அழுதுவிடுபவர்களும் உண்டு.

என்ன பேசுவது என்று புதிதாகப் போகிறவர்கள் திகைப்பார்கள். உடம்பு எப்படி என்ற கேள்வி இரண்டு வரியில் முடிந்துவிடும். பெற்ற பிள்ளைகளைப் பற்றி முதல் நாளே கேட்பது புண்ணைக் கிளறலாம். அவர்கள் ஊரின் ஏரி, அம்மா வைத்த குழம்பு, முதலில் பார்த்த சினிமா, நெல் அளந்த படி, மாட்டின் பெயர் என்று தொடங்கினால் பேச்சு தானே நடக்கும். முதியோர் பழையதை நினைத்துப் பேசுவது மூளைத் தளர்ச்சி என்றே மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் கருதியது. அது வாழ்க்கையைக் கணக்குப் பார்த்து நிறைவு செய்யும் இயல்பான வேலை என்று 1963இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் எழுதிய பிறகே அக்கருத்து மாறத் தொடங்கியது. ஆகவே அதே கதையை ஐந்தாம் முறை சொன்னாலும் கேட்கலாம். மறதி நோய் உள்ளவர் இறந்துபோன கணவர் வந்துவிடுவார் என்று சொன்னால், அவர் இறந்துவிட்டார் என்று திருத்துவது ஒவ்வொரு முறையும் புதிய சாவுச் செய்தி ஆகிவிடும். "அவர் என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்பது போதும்.

பேச முடியாதபோது கைவேலை துணையாகும். பல்லாங்குழி, தாயம், நாளிதழை உரக்கப் படித்துக் காட்டுவது, நகம் வெட்டுவது, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடுவது எல்லாம் பேச்சுத்துணையில் அடக்கம். இந்த ஊருக்கே உரிய ஒன்று பூக்கட்டுதல். கால் கிலோ உதிரி மல்லியும் வாழைநாரும் வாங்கிப் போனால், ஊசி கோக்கக் கண் தெரியாத பாட்டியின் விரல்களும் பூவைத் தடவியே கட்டிவிடும். எழுபது ஆண்டுப் பழக்கம் விரலில் இருக்கிறது. தான் தலையில் பூ வைத்துக்கொள்ளத் தயங்கும் கைம்பெண்களும் சாமிக்குக் கட்டத் தயங்குவதில்லை. அந்தச் சரத்தைக் கோயிலில் சாத்தச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் விபூதிப் பொட்டலத்தோடு போனால், தான் கட்டிய பூ அண்ணாமலையாரிடம் போய்ச் சேர்ந்த செய்தியை அந்தப் பாட்டி பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் சொல்வார். கார்த்திகை தீபம் 2,668 அடி உயர மலையுச்சியில் 11 நாட்கள் எரிகிறது. நடக்க முடியாதவர்களை மொட்டை மாடிக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்க் காட்ட, முதல் நாள் நெரிசலுக்குப் பிந்திய மாலைகள் ஏற்றவை.

விலக்க வேண்டியவை சில. "நாளைக்கு வரேன்" என்று பேச்சுக்குக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் காத்திருப்பார். பணம், நகை, கையெழுத்து எதிலும் தலையிடக் கூடாது. மத மாற்றமோ கட்சிப் பேச்சோ வேண்டாம். நிர்வாகிக்குத் தெரியாமல் தின்பண்டம் கொடுப்பது சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து. உடலில் காயமோ அச்சமோ தென்பட்டால் மட்டும் மௌனமாக இருக்கக் கூடாது.

சட்டமும் அரசும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். மூத்தோரைக் கைவிடுவது தண்டனைக்குரிய குற்றம். மாவட்டத்துக்கு ஒன்றாகக் குறைந்தது 150 பேர் தங்கும் முதியோர் இல்லங்களை அமைக்கவும் சட்டம் இடமளிக்கிறது. சோறு, துணி, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைச் சட்டத்தால் கேட்டு வாங்க முடிகிறது. பேச ஆள் வேண்டும் என்று எந்தத் தீர்ப்பாயத்திலும் மனுப்போட வழியில்லை.

அரசுத் திட்டங்களில் இக்குறையை உணர்ந்து வடிவமைக்கப்பட்டது, ஆதரவற்ற முதியோர் 25 பேரையும் குழந்தைகள் 25 பேரையும் ஒரே வளாகத்தில் வாழவைக்கும் தமிழக அரசின் ஒருங்கிணைந்த இல்லத் திட்டம். தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளை இல்லாத முதியோருக்கும் இடையே உறவு உண்டாக்குவது அதன் நோக்கம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பகல்நேரப் பராமரிப்புக்காக 25 'அன்புச்சோலை' மையங்கள் அறிவிக்கப்பட்டன. 2011இல் தமிழகத்தில் பத்தில் ஒருவராக இருந்த அறுபது வயது கடந்தோர், இப்போது ஏறத்தாழ ஏழில் ஒருவராக உள்ளனர். அந்த அளவுக்கு முன் இவ்வெண்ணிக்கைகள் சிறியவை.

பிற இடங்களில்

சென்னையில் சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கிய விஸ்ராந்தி, ஆதரவற்ற மூதாட்டிகளுக்கான முன்னோடி இல்லம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்பேஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமமும் குறிப்பிடத்தக்கது. கேரளத்தில் அண்டை வீட்டாரே தன்னார்வலராகி நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லும் வலிதணிப்பு இயக்கம் கோழிக்கோட்டில் 1993இல் வேர்விட்டது. திருவண்ணாமலை போன்ற ஊருக்குப் பின்பற்ற எளிதானது இதுவே, கட்டடம் தேவையில்லை. நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் உள்ள ஓர் இல்லம், மாதம் 30 மணி நேரம் முதியோருடன் கழிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுக்கிறது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைக்கென அமைச்சர் பொறுப்பையே உருவாக்கின.

திருவண்ணாமலையில் வசிப்பவர் இதைத் தொடங்க எந்த அமைப்பிலும் சேர வேண்டியதில்லை. அருகிலுள்ள இல்லத்தின் பொறுப்பாளரிடம் பார்வை நேரம் கேட்டு, யாரும் பார்க்க வராத ஒருவரின் பெயரைக் கேட்டு வாங்கி, அடுத்த வாரமும் போக முடிகிற கிழமையாகப் பார்த்துப் போகலாம். கைவிடப்பட்ட அல்லது துன்புறுத்தப்படும் முதியவரைக் கண்டால் 14567 என்ற மூத்தோர் உதவி எண்ணைக் காலை 8 முதல் இரவு 8 மணி வரை அழைக்கலாம், கட்டணம் இல்லை.