சீசன் ஆன மரமும் சீசன் ஆன மனுஷனும்

போன மாதம் அலுவலக மதிப்பீட்டில் மேலாளர் என்னை 'சீசன்டு' ஆள் என்று எழுதியிருந்தார். பழம் தின்று கொட்டை போட்டவன் என்பதை நாகரிகமாகச் சொல்கிறார் போல :-) எனக்கு ஞாபகம் வந்தது, இடப்பள்ளியில் சித்தப்பா வீடு கட்டும்போது வந்த ஆசாரி. கதவை இந்த வாரமே மாட்டிவிடலாமே என்று அவசரப்படுத்தினேன். "உணங்ஙாத்த தடி வளயும் மோனே" என்றார். தடி என்றால் மரம். உணங்குதல், காய்வதற்கு நம் பழந்தமிழிலும் உள்ள சொல்தான்.

'சீசன்டு' என்பதும் அதேதான். பழம் கனிவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று ஆங்கிலத்துக்கு வந்து, மசாலா சேர்ந்த சாப்பாட்டுக்கும், ஈரம் வற்றிய மரத்துக்கும், அனுபவசாலிக்கும் ஆகிவிட்டது. நாம் சமையலுக்கும் மனிதருக்கும் 'பக்குவம்' என்கிறோமே, அது மாதிரி.

பக்குவமாகாத மரம் என்ன செய்யும்? நெப்போலியனோடு சண்டை நடந்த காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. 1810-ல் வெள்ளோட்டம் விட்ட குயின் சார்லட் என்ற பெரிய போர்க்கப்பல், சரியாகக் காயாத மரத்தால் கடலுக்குப் போகும் முன்பே உளுத்துப்போனது. 1817-ல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டிய கப்பலோ இன்னும் மிதக்கிறது! இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் போய்ப் பார்க்கலாம். பெயர் என்ன தெரியுமா? ட்ரிங்கோமலி, நம் திருகோணமலை. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, எளிதில் உளுக்காது. 'டீக்' என்ற பெயரே நம் 'தேக்கு' போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போனதுதான்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. கரீபியன் தோட்டங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளின் முதல் சில வருடங்களையும் 'சீசனிங்' என்றுதான் எழுதி வைத்தார்கள். அதற்குள் செத்துப்போனவர்கள் ஏராளம். மரத்துக்குச் சொன்னதை மனிதருக்கும் கூசாமல் சொல்லியிருக்கிறார்கள்.

திடமான கிழவரை நாம் 'வைரம் பாய்ந்த கட்டை' என்போம். இரண்டும் ஒன்றல்ல. வைரம், மரம் வேரோடு நிற்கும்போதே பாய்வது. சீசன், வெட்டிய பிறகு நடப்பது. அதுவும் அந்தந்த ஊர்க் காற்றுக்குத் தக்கபடி. மட்டாஞ்சேரியில் வாங்கி வந்த தேக்குப் பெட்டி, கொச்சியின் ஈரக்காற்றுக்குக் கச்சிதமாக இருந்தது. இங்கே முதல் குளிர்காலத்தில், ஹீட்டர் சூட்டில் மூடி விரிசல் விட்டது. அந்த வருடம் நானும் கொஞ்சம் விரிசல் விட்டுத்தான் இருந்தேன். ஊருக்கு போன் போட்டால் குரல் கம்மும்.

பெட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லை. விரிசல் அதற்கு மேல் பெரிதாகவும் இல்லை. இந்த ஊர்க் காற்று அதற்குப் பழகிவிட்டது. உங்கள் வீட்டிலும் ஊரிலிருந்து வந்து வெடித்த சாமான் ஏதாவது இருக்கிறதா?