காற்பங்கும் அரைப்பங்கும்: ஆசிரியராவோர் கூடிக் கற்ற வரலாறு



கல்வி என்றதும் ஆசிரியர் சொல்ல மாணாக்கர் கேட்பது என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்க, ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னர் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் இதற்கு வேறொரு கணக்குச் சொல்லியிருக்கின்றார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குப் புலமையிற் காற்பங்கே வாய்க்குமாம். உடன் கற்பவரோடு பழகிப் பயில்வதனால் இன்னொரு காற்பங்கு வந்துசேரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே நிறைவுறும்.

இக்கணக்கை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். வண்ணார்பண்ணையில் 1848 ஆம் ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலரே நன்னூலுக்குக் காண்டிகையுரையும் வகுத்தவர். பாடசாலை நடத்தியவரும் பாடங்கேட்டலின் இலக்கணத்துக்கு உரை கண்டவரும் ஒருவராகவே இருந்தார்.

ஆசிரியர் தரும் காற்பங்கு எல்லா நாட்டிலும் மதிக்கப்பட்டு வந்துள்ளது. ஏனைய இரு கூறுகளும், அதாவது தோழர் தரும் காற்பங்கும் கற்பித்தலால் வரும் அரைப்பங்கும், ஆசிரியராகப் போகின்றவர்களின் பயிற்சியில் எவ்வாறு போற்றப்பட்டன, எவ்வாறு கைவிடப்பட்டன என்பதையே இன்று ஆராய்வோம்.

முதலில் 1623 ஆம் ஆண்டுக்குச் செல்வோம். பியெத்ரோ டெல்லா வாலே என்னும் இத்தாலியப் பயணி, இந்தியாவின் மேற்குப் பகுதியிலே கன்னட நாட்டு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு கோயில் மண்டபத்திலே நான்கு சிறுவர் அமர்ந்து கணக்குப் பயில்வதைக் கண்டார். தரையிலே மெல்லிய மணல் பரப்பப்பட்டிருந்தது. ஒருவன் பாடத்தை இசையோடு சொல்லி மணலில் எழுத, மற்றவரும் அவ்வாறே சொல்லி எழுதினர். ஆசிரியர் அங்கில்லை. பாடம் மறந்துபோனால் உங்களைத் திருத்துபவர் யார் என்று பயணி வினவினார். நால்வரும் ஒரே இடத்தில் ஒருங்கே மறத்தல் இயலாது. ஒருவன் தவறினால் மற்றவன் திருத்துவான். அதற்காகவே கூடிப் படிக்கின்றோம் என்று சிறுவர் விடை கூறினர். அவர்கள் சொன்னது மெய்யே எனப் பயணி தமது கடிதத்தில் எழுதிவைத்தார். நன்னூலார் சொன்ன காற்பங்கு கண்முன்னே நிகழ்வதை இங்கே காண்கின்றோம்.

அடுத்து அரைப்பங்கின் கதை. அண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டுப் பாதிரியார் 1787 இல் சென்னைப்பட்டினத்துக்கு வந்தார். 1789 இல் எழும்பூரிலிருந்த, படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் மேற்பார்வை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருநாட் காலை குதிரை மீது உலாவச் சென்றபோது, திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் மலபார் மக்கள் என்றே வழங்கினராதலின், அவர் எழுத்தில் அது மலபார்ப் பள்ளி எனப்படுகின்றது. இந்த முறையை விடுதியிலும் கையாளுமாறு தம் உதவி ஆசிரியரைப் பணித்தார். அவரோ அதில் மனஞ்செலுத்தவில்லை. ஆகவே, ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஒப்படைத்தார். வளர்ந்தவர் செய்ய மறுத்ததைச் சிறுவன் செய்துகாட்டினான். பின்னர் வகுப்புகள் யாவும் மாணாக்கரிடமே விடப்பட்டன. 1797 இல் லண்டனில் வெளிவந்த பெல்லின் சிறுநூல், ஒரு பாடசாலை தன் ஆசிரியரின் மேற்பார்வையிலே தனக்குத்தானே கற்பித்துக்கொள்ளலாம் என்பதை உலகுக்கு அறிவித்தது.

திண்ணைப் பள்ளியில் மணல் மட்டுமா இருந்தது? மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளையும் அங்கே இருந்தான். முந்திக் கற்றவன் பிந்தி வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பது நம்மவர் வழக்கம். மணலைத் திண்ணைப் பள்ளியிற் கண்டதாகக் கூறிய பெல், மாணாக்கரைக் கொண்டு கற்பிப்பது தமது கண்டுபிடிப்பு என்றே கொண்டார். ஆயினும், இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கிவந்த கற்பித்தல் முறை பெல்லின் வழியாக இங்கிலாந்திற் கைக்கொள்ளப்பட்டதாகக் கிழக்கிந்தியக் கம்பனியின் இயக்குநர்களே 1814 இல் எழுதினர். பெல்லாரிக் கலெக்டராயிருந்த காம்பெல் 1823 இல் அனுப்பிய அறிக்கை இன்னும் நுட்பமானது. முன்னேறிய மாணாக்கர் மற்றவருக்குக் கற்பிக்கையிற் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்கின்றனர் என்று அவர் பாராட்டினார். நன்னூலாரின் அரைப்பங்கை ஓர் ஆங்கில அதிகாரி தம் கண்ணாற் கண்டு எழுதிய சான்று இது.

இங்கிலாந்திலே இம்முறை வேறு வழியிற் சென்றது. 1798 இல் லண்டனின் தென்பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் வைத்து நடத்தலாம் என்று காட்டினார். சட்டாம்பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு தொகுதி ஒப்படைக்கப்பட்டது. எழுந்திரு, பலகையைக் காட்டு, அமர் என்பன போன்ற கட்டளைகளுக்கு மண்டபம் முழுவதும் ஒருங்கே அசைந்தது. செலவு மிகக் குறைவு. ஆகவே புகழ் விரைந்து பரவிற்று. தென்னமெரிக்க விடுதலை வீரர் பொலிவார் 1810 இல் லண்டனுக்கு வந்தபோது இப்பள்ளியைப் பார்த்து, பின்னாளில் லங்காஸ்டரைத் தம் நாட்டுக்கு வரவழைத்தார். சட்டாம்பிள்ளைகளுட் சிறந்தவர்களை லங்காஸ்டர் தம்முடனேயே தங்கவைத்து ஆசிரியராக்கி வெளியூர்களுக்கு அனுப்பினார். இங்கிலாந்தின் முதல் ஆசிரியப் பயிற்சி நிலையங்களுள் ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

ஆனால் ஒன்றை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கோயில் மண்டபத்துச் சிறுவர் நால்வரும் ஒருவரையொருவர் திருத்தினர். லங்காஸ்டரின் மண்டபத்திலோ சட்டாம்பிள்ளை திருத்துவான். அவனைத் திருத்தத் தோழன் இல்லை. காலையிலே தான் மனனஞ் செய்ததை அப்படியே ஒப்புவிப்பது அவன் கடன். ஏன் என்று பிள்ளை கேட்டால் விடை கூற அவனாலும் இயலாது. கற்பித்தல் என்னும் பெயர் இருந்தது, எடுத்துரைத்தல் இல்லை. அரைப்பங்கைப் பெறும் பொருட்டு ஏற்படுத்தப்பட்ட முறை அதனையும் இழந்து, தோழமையின் காற்பங்கையும் இழந்தது. அதிகாரம் ஒன்றே எஞ்சியது. பிறர்மேல் ஆணை செலுத்துவோனைச் சட்டாம்பிள்ளைத்தனம் செய்கின்றான் என்று இன்றும் நாம் கடிந்துரைக்கின்றோம். உதவிக்கு வந்தவனின் பெயர் ஆதிக்கத்துக்கு ஆகிவந்ததற்கு இந்தச் சொல்லே சான்று.

இக்குறையை உணர்ந்தவருள் ஜேம்ஸ் கே-ஷட்டில்வர்த் ஒருவர். 1840 இல் லண்டனையடுத்த பாட்டர்சியில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியொன்றை நிறுவிய அவர், 1846 இல் மாணாக்க ஆசிரியர் முறை நாடெங்கும் ஏற்படக் காரணராயினார். பதின்மூன்று வயது நிரம்பிய மாணாக்கர் ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரிடம் தொழில் பயின்றனர். பகலில் வகுப்பு நடத்துவர். பாடசாலை நேரத்துக்குப் புறம்பே ஒன்றரை மணி நேரம் தாம் பாடங்கேட்பர். ஆசிரியர் தரும் காற்பங்கும் கற்பித்தலின் அரைப்பங்கும் இவ்வாறு ஒன்றுசேர்ந்தன. எனினும், ஒரு பாடசாலையில் ஒருவர் இருவராகப் பிரிந்துகிடந்த இவ்விளைஞர்க்குத் தோழர் இல்லை. பின்னர் லிவர்பூல், லண்டன் முதலிய நகரங்களிலே பல பாடசாலைகளின் மாணாக்க ஆசிரியரை ஓரிடத்திற் கூட்டிக் கற்பிக்கும் நிலையங்கள் எழுந்தபோதே அக்குறை ஓரளவு தீர்ந்தது.

1832 இல் மறைந்த பெல் விட்டுச்சென்ற பெருஞ்செல்வத்திலிருந்து, 1876 இலே எடின்பரோ, சென் அண்ட்ரூஸ் ஆகிய பல்கலைக்கழகங்களிற் கல்வியியலுக்கெனப் பேராசிரியர் பதவிகள் நிறுவப்பட்டன. பெல்லின் பிறந்த ஊராகிய சென் அண்ட்ரூஸில், அவர் பொருளால் எழுந்த பாடசாலை இன்றும் மட்ராஸ் கல்லூரி என்றே பெயர் வழங்குகின்றது.

நன்னூலார் சொன்ன மூன்று கூறுகளையும் ஒருங்கே பேணும் ஆசிரியப் பயிற்சி எங்கேனும் உண்டா என்று வினவினால், யப்பானைச் சுட்டலாம். 1872 இல் தோக்கியோவில் ஆசிரியப் பாடசாலை நிறுவப்பட்ட மெய்ஜி காலத்திலிருந்து அங்கே வேரூன்றி வளர்ந்த வழக்கம் ஒன்றுண்டு. பாட ஆய்வு என்று அதனைத் தமிழிற் கூறலாம். ஆசிரியர் சிலர் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் அதனை வகுப்பில் நடத்துவார். மற்றவர் வகுப்பிலே நின்று ஆசிரியரையன்றிப் பிள்ளைகளையே உற்றுநோக்குவர்: எந்தப் பிள்ளை எங்கே தயங்கியது, எந்த வினா எவரைச் சிந்திக்க வைத்தது எனக் குறித்துக்கொள்வர். பின்னர் யாவரும் அமர்ந்து பாடத்தைத் திருத்துவர். இங்கே குறை காணப்படுவது பாடத்திலேயன்றிப் பாடம் நடத்தியவரில் அன்று. ஏனெனின் பாடம் எல்லோருக்கும் உரியது. 1999 இல் அமெரிக்க அறிஞர் ஸ்ரிக்லரும் ஹீபர்ட்டும் இதனை ஒரு நூலில் விளக்கியபின், பல நாடுகள் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளலாயின.

நம் நாட்டில் 1980களின் நடுப்பகுதியில் தோன்றிய தேசிய கல்வியியற் கல்லூரிகள், கல்லூரியில் இரண்டாண்டும் பாடசாலையில் ஓராண்டும் என்று பயிற்சியை வகுத்துக்கொண்டன. ஏட்டுக் கல்வியும் கற்பித்தலும் இதில் இணைந்தன. ஆயினும் அமைப்பு மட்டும் போதாது. ஆசிரிய மாணவி ஒருத்தி பாடம் நடத்துகையிற் பின்வாங்கில் இருப்பவர் புள்ளியிட வந்த விரிவுரையாளர் ஒருவர் மட்டுமாயின், அவள் அச்சத்தையே கற்றுக்கொள்வாள். அங்கே தோழியர் மூவர் இருந்து, அன்று மாலையே கூடி, பின்னத்தைக் கூட்டும்போது பிள்ளைகள் ஏன் தடுமாறினர் என்று தமக்குள் ஆராய்ந்தால் நால்வரும் கற்பர். மறுநாள் வேறொருத்தி அதே பாடத்தை இன்னொரு வகுப்பில் நடத்திப் பார்க்கலாம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நேர அட்டவணையில் ஒரு மணி நேரமும், என் பாடம் எங்கே தவறிற்று என்று தோழரிடம் வினவும் துணிவுமே வேண்டும். அத்துணிவை ஆசிரியராவதற்கு முன்னரே பழகுதல் நன்று. பழகாதவர், முப்பது ஆண்டுகள் கற்பித்தும், திருத்துவாரின்றித் தனித்து நின்ற அந்தச் சட்டாம்பிள்ளையாகவே இருந்துவிடுதல் கூடும். பழகியவரின் வகுப்பிலோ, பிள்ளைகளும் ஒருவரையொருவர் திருத்திக் கற்கத் தொடங்குவர்.