ஆண்டாய்வும் அணு உலையும்

பதிவு கொஞ்சம் நீளம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு தடவையாகப் படியுங்கள்.

போன வாரம் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் போன் செய்தார். மகன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது ஐடிஐ ஃபிட்டர். கூடங்குளத்தில் உலையை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கும் நாட்களுக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆள் எடுக்கிறாராம். "டீச்சர், ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. விடவா, வேண்டாமா? அங்கெல்லாம் யாராச்சும் வந்து பாப்பாகளா?" என்றார்.

கடைசிக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பரணில் இருந்த பழைய செய்தித்தாள் கட்டை இறக்கி இரண்டு நாள் உட்கார்ந்தேன்.

நம் பள்ளி ஆண்டாய்வு நினைவிருக்கிறதா? ஒரு வாரத்துக்கு முன்பே தேதி தெரிந்துவிடும். சுவருக்கு வெள்ளையடிப்போம், தண்ணீர்ப் பானைக்கு மூடி வரும், வராத பிள்ளையை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வருவோம். ஆய்வுக்கு வருகிற அலுவலரும் எங்கள் துறைதான். எங்கள் பள்ளி நன்றாக இல்லை என்று எழுதினால் அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டிவரும். நல்லவர்கள் பலர் வந்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு அப்படி.

அணு உலை விஷயத்திலும் இதே முடிச்சுதான். அமெரிக்காவில் ஒரே ஆணையம் அணுசக்தியை வளர்க்கவும் செய்தது, கண்காணிக்கவும் செய்தது. இது சரிப்படாது என்று 1974-இல் சட்டம் போட்டுப் பிரித்து, 1975 ஜனவரியில் தனி ஒழுங்குமுறை ஆணையம் தொடங்கினார்கள். நம் நாட்டில் கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பிறந்தது. தனிச் சட்டத்தால் அல்ல, அரசாணையால். வாரியம் அறிக்கை கொடுக்க வேண்டியது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலர். மின்நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகமும் அதே துறையின் கீழ்.

வாரியம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. இடத் தேர்வு, கட்டுமானம், எரிபொருள் நிரப்புதல், இயக்கம் என்று ஒவ்வொரு படிக்கும் அதன் அனுமதி வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்க வேண்டும். இடையில் ஆய்வாளர்கள் வந்து பார்ப்பார்கள்.

1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தில் நரோரா. டர்பைன் இறக்கை உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்களைத் தின்றது. மாற்று மின்சாரத்துக்கான கேபிள்களும் அதோடு போயின. கிட்டத்தட்ட 17 மணி நேரம் உலைக்கு மின்சாரமே இல்லை. உலை ஏற்கெனவே நின்றுவிட்டது, ஆனால் நின்ற உலையும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஊழியர்கள் கையில் டார்ச்சோடு இருட்டில் மேலே ஏறி, போரான் கலந்த கரைசலைக் கையாலேயே திறந்துவிட்டார்கள். தீயணைக்கும் டீசல் பம்பை வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கதிர்வீச்சு வெளியே போகவில்லை, யாரும் இறக்கவில்லை. அந்த ஊழியர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் வந்து நான் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தின் கைகாவில், கட்டிக்கொண்டிருந்த உலையின் கான்கிரீட் கூரை இடிந்து விழுந்தது. எரிபொருள் ஏற்றாத நேரம், தப்பித்தோம்.

அப்போது வாரியத் தலைவராக இருந்தவர் ஏ. கோபாலகிருஷ்ணன். 1995-இல் நாட்டு அணு நிலையங்களில் இருந்த பாதுகாப்புக் குறைகளை, நூற்று முப்பது வாக்கில், பட்டியலிட்டு அறிக்கை தயாரித்தார். 1996-இல் பதவிக்காலம் முடிந்தது, நீட்டிப்பு இல்லை. பிறகு வாரியத்துக்குச் சுதந்திரம் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். 2000-இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்களை வாரியத்தின் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில் அந்த மையத்தின் மறுசுழற்சி ஆலையில்தான் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2004 சுனாமியில் கடல்நீர் கல்பாக்கம் பம்ப் ஹவுசுக்குள் புகுந்தபோது ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை ஒழுங்காக நின்றது. வாரியம் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் ஜனவரியில் திரும்ப ஓடியது.

2011-இல் ஃபுகுஷிமா. ஜப்பானில் அணுமின்சாரத்தை வளர்த்த அமைச்சகத்தின் கீழேயே கண்காணிப்பு அமைப்பும் இருந்தது. அடுத்த ஆண்டே அதைக் கலைத்துத் தனி ஆணையம் வைத்தார்கள். நம் அரசும் 2011 செப்டம்பரில் ஒரு மசோதா கொண்டுவந்தது. அது நிறைவேறாமல் 2014-இல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது.

2012-ஐ நம் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டீர்கள். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. அருப்புக்கோட்டை விசைத்தறிகள் சத்தமில்லாமல் கிடந்தன. கூடங்குளம் வந்தால் கரண்ட் வரும் என்று டீக்கடையில் பேசினார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆகஸ்ட் 10-ஆம் தேதி எரிபொருள் நிரப்ப வாரியம் அனுமதி கொடுத்தது. அதே மாதம் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. வாரியத்துக்குச் சுதந்திரமான சட்ட அந்தஸ்து இல்லை, தவறு செய்தவருக்குப் போடும் அபராதம் பயமுறுத்துகிற அளவில் இல்லை என்று அது சொன்னது. செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். நம் மாவட்டத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து சுமார் 40 பேர் போனார்கள். பள்ளியில் எனக்குக் கொடுத்த ரோஜாவை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். பட்டாசு ஆலைகளைப் பார்க்க வருகிற வெடிபொருள் துறை பட்டாசு தயாரிக்கிற துறை இல்லை, வேறு துறைதான். அப்படியும் நடந்தது. ஐந்து நாள் கழித்து இடிந்தகரைக் கடற்கரையில் கண்ணீர்ப்புகை, மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார்.

2013 ஏப்ரலில் கூடங்குளத்தில் நான்கு வால்வுகள் சரியில்லை என்று கண்டு வாரியம் மாற்றச் சொன்னது. மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பதினைந்து கட்டளைகளோடு உலைக்கு அனுமதி தந்தது. ஜூலையில் உலை இயங்கத் தொடங்கியது. வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது 2025 டிசம்பரில் நிறைவேறிய சாந்தி சட்டத்தில்தான். பிறந்து நாற்பத்திரண்டு வருஷம் கழித்து!

அந்தத் தணிக்கை அறிக்கையில் என்னை உலுக்கியது கூடங்குளம் அல்ல, எக்ஸ்ரே. அவற்றுக்கும் உரிமம் தர வேண்டியது இதே வாரியம். நாட்டில் இருந்த சுமார் 57 ஆயிரம் எக்ஸ்ரே நிலையங்களில் 91 சதவீதம் உரிமம் இல்லாமல் ஓடின. உலையை நாடே பார்க்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து எக்ஸ்ரே அறையை யார் பார்ப்பது?

அந்தத் தாய்க்குப் போன் செய்தேன். மகனைக் கூப்பிடச் சொல்லி அவனிடமே பேசினேன். "வர்றாகளான்னு கேட்டா, வர்றாக தம்பி. அவுக வராத நாள்லயும் நீதான் அங்க நிக்கிற. நெஞ்சுல ஒரு பேட்ஜ் குடுப்பாக, கழட்டி வச்சிட்டு உள்ள போகாத. மேஸ்திரி சொன்னாலும் போகாத. வருஷத்துக்கு 30 மில்லிசீவர்ட்டுதான் உச்சம், அஞ்சு வருஷச் சராசரி 20. உன் கணக்கு எவ்வளவுன்னு கேட்டு நோட்டுல எழுதி வை" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றான். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் வருமே, அதே குரல். போவதென்று முடிவு செய்துவிட்டான். அம்மாதான் இன்னும் சமாதானமாகவில்லை.

நேற்று முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனேன். வரிசையில் நிற்கும்போது உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று தேடினேன், காணோம். கேட்டதற்கு அங்கிருந்த பெண், "உள்ள டாக்டர்ட்ட இருக்கும் டீச்சர்" என்றாள். யாரென்று பார்த்தால் என் பழைய மாணவியின் மகள். அடுத்த தடவை வரும்போது எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.