பஸ் பர்மிட்டும் பிரெஞ்சு நாடாளுமன்றமும்

புதுச்சேரிக்காரர்களுக்குச் சுதந்திரத் தேதி ஒன்று போதாது. ஆகஸ்ட் 15 எல்லாருக்கும் உள்ளது. நவம்பர் 1 எங்கள் விடுதலை நாள். ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் இன்னொரு கொடியேற்றம். 1954 நவம்பருக்கும் 1962 ஆகஸ்டுக்கும் இடையில் இந்த ஊர் யாருடையது? இங்கே வக்கீல் தொழில் பார்த்தவன் என்பதால் எனக்கு அந்த எட்டு வருஷத்தின் மேல் தனி மோகம்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. கேவல் சிங் தலைமை ஆணையர் ஆனார். அதே நாளில்தான் அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிரான போர் வெடித்தது. எங்கள் தலையெழுத்து அந்தப் போரோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. 1956 மே 28 அன்று ஊரைச் சட்டப்படி இந்தியாவுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் டெல்லியில் கையெழுத்தானது; ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. அல்ஜீரியாவை விடமாட்டோம் என்று சண்டை போடுகிறவர்கள் புதுச்சேரியை மட்டும் சும்மா எழுதிக் கொடுத்துவிடுவார்களா?

ஆக, போலீஸ் இந்தியாவுடையது, வரி வாங்கியதும் இந்தியா, மண் மட்டும் சட்டப்படி பிரான்சுடையது. இந்த விசித்திரம் அம்பலமானது ஒரு பஸ் பர்மிட் வழக்கில். பர்மிட் விஷயத்தில் புதுவை அதிகாரிகளின் உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். இந்திய எல்லைக்குள் இருந்தால்தானே அங்கே முறையிட முடியும்? புதுச்சேரி இந்தியப் பகுதியா என்று நீதிபதிகள் மத்திய அரசையே கேட்டார்கள். முழு அதிகாரமும் எங்களிடம்தான் இருக்கிறது, ஆனால் அது இந்தியப் பகுதி அல்ல என்று பதில் வந்தது. 1961 டிசம்பரில் நீதிமன்றமும் அதையே ஏற்றுக்கொண்டது. நேர்மையான பதில்தான்; அதற்காக நம் கொடி பறந்த ஊரை நம் அரசே நம்முடையதல்ல என்று சொன்னது உறுத்தாமல் போகுமா?

அதே மாதம் கோவாவுக்குள் ராணுவம் நுழைந்தது. போர்ச்சுகல் ஒப்புக்கொள்ளும் வரை டெல்லி காத்திருக்கவில்லை. 1962லேயே கோவாவை அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டது. போர்ச்சுகலின் அங்கீகாரம் 1974 டிசம்பரில்தான் வந்தது. சண்டை போட்டுப் பிடித்த கோவா முந்திக்கொண்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிய புதுச்சேரி காத்துக் கிடந்தது. அல்ஜீரியா 1962 ஜூலையில் விடுதலையான பிறகுதான் பாரீஸ் மனம் இறங்கியது. ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் பத்திரங்கள் கைமாறின.

அன்றே குடியுரிமையும் பிரிந்தது. இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். வெளியூரில் பிறந்து இங்கே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகளுக்கு அந்தக் கவலை இல்லை, பழைய குடியுரிமை அப்படியே தொடர்ந்தது. ஒரு குடும்பத்தில், அப்பா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக, சைகோனில் இருந்தபோது அங்கே பிறந்த அண்ணன் பிரெஞ்சுக்காரர். ஊர் திரும்பிய பிறகு பிறந்த தம்பி இந்தியர். ஒரே வீட்டில் சாப்பிட்ட இருவரில் அண்ணன் பிள்ளைகள் பாரீசுக்குப் போனார்கள். தம்பி பிள்ளைகள், தாத்தா 1962இல் ஏதாவது எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டுக்கொண்டு, பழைய காகிதக் கட்டுகளோடு எங்களைப் போன்ற வக்கீல்களிடம் வந்தார்கள்.